தடம் விழாத கட்டு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஆஸ்பத்திரி முழுக்க அவள் பஞ்சுக்கை சிஸ்டர். ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று யாரோ ஒரு நோயாளி சொல்லப்போக, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் இயக்குகிறவர் முதல் மருந்துக் கிடங்குக்காரர் வரை “பஞ்சுக்கை வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். அவள் புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் அவருடைய தோள்பட்டையைப் பிடித்துவிடும்போது, “ஊருக்கெல்லாம் பஞ்சுக்கை, எனக்கு மட்டும் இரும்புக்கையா?” என்பார். அவளும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்துவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளைப் போட்டது பெரியவர்களின் மனநல வார்டில். விரும்பி யாரும் போகாத வார்டு. சிபாரிசு இல்லாதவர்கள் தலையில்தான் அது வந்து விழும். போன சில நாளிலேயே அங்கே ஒரு ஆளைப் பார்த்தாள். தபால்காரராக இருந்தவராம். நைலான் கயிற்றால் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். திமிறித் திமிறி மணிக்கட்டுத் தோல் உரிந்து, கயிறு சதையில் ஒட்டிப்போயிருந்தது. ஏன் இப்படி என்று கேட்டாள். வார்டு ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பின்ன என்ன, மாலை போட்டு உக்கார வைக்கச் சொல்றியா? என் மூக்கைப் பாரு, யார் வேலைன்னு நினைக்கிற?” ஆயாவின் மூக்கில் பிளாஸ்திரி இருந்தது. அவள் சொன்னதும் பொய் இல்லை.

கட்டாதே என்று சொல்ல இவள் யார்? நேற்று முளைத்த நர்ஸ். அதனால் தன்னால் முடிந்ததைச் செய்தாள். பழைய பருத்தித் துண்டை நீளவாக்கில் மடித்து, உள்ளே பஞ்சை வைத்து, மேலே மெல்லிய கட்டுத்துணியைச் சுற்றி, காப்பு மாதிரி ஒன்று தைத்தாள். மணிக்கட்டில் அதைப் போட்டு, அதற்கு மேல்தான் நாடாவைக் கட்டுவாள். காப்புக்கும் கைக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். கட்டுவதற்கு முன் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். எதற்காகக் கட்டுகிறோம் என்று அந்த ஆளிடம் சொல்ல வேண்டும், அவருக்குப் புரிந்தாலும் சரி, புரியாவிட்டாலும் சரி. கட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து விரல் நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆள் அடங்கியதும் அந்த நிமிஷமே அவிழ்க்க வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து அவள் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்தவர்கள் புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தபால்காரருக்குக் கை ஆறியது. ஒருநாள் அவர் இவளைப் பார்த்து, “உன் கட்டு வலிக்கலம்மா” என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவம், வலிக்காத கட்டும் கட்டுதான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. மனசுக்குள் யாராவது கேள்வி கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. ‘நான் கட்டலேன்னா வேற யாரோ கட்டத்தான் போறாங்க. அவங்க கயித்தால கட்டுவாங்க.’ அந்தப் பதிலை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக நிம்மதியாகத் தூங்கினாள். யாரைக் குறை சொல்வது? பதில் அவ்வளவு நியாயமாக இருந்தது.

பிறகு அவளைக் குழந்தைகளின் மனநல வார்டுக்கு மாற்றினார்கள். மேல்மாடி. சுவரெல்லாம் வண்ணம் பூசி, முயலும் யானையும் வரைந்திருந்தது. ஜன்னலுக்கு மட்டும் இரும்புக் கம்பி. கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம், உள்ளே நடப்பதை வெளியிலிருந்து எட்டிப் பார்க்க. வார்டு நிறையப் பிள்ளைகள். ஒரு வேளைக்கு ஒரு நர்ஸ், ஒரு ஆயா. ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுப்பதற்குள் இன்னொன்று கட்டிலின் மேல் ஏறி நிற்கும், மூன்றாவது சுவரில் தலையை முட்டும். ஆள் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். மேலிடத்திலிருந்து இன்னும் நான்கு யானை வரைந்து தருவதாகப் பதில் வந்தது.

அங்கேயும் கட்டு உண்டு. கிழிந்த படுக்கை விரிப்பால் கட்டுவார்கள். பிஞ்சுக் கையில் சிவந்து தடித்துப்போகும். பெற்றவர்கள் வந்து பார்த்துச் சத்தம் போடுவார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் என்கிற வார்டுப் பொறுப்பாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் ஒருநாள் இவளைக் கூப்பிட்டு, “உன் கைப்பக்குவத்தை எல்லாருக்கும் சொல்லிக் குடும்மா. தினமும் ஒரு புகார், என்னால தாங்க முடியல” என்றார்.

சாமான் அறையில் பாடம் நடந்தது. நர்ஸ்களும் ஆயாக்களும் ஒருவரை ஒருவர் ஸ்டூலில் உட்கார வைத்துக் கட்டிப் பழகினார்கள். ஒரே சிரிப்பு. “என் மாமியாருக்கு ஒரு ஜோடி தைச்சுக் குடேன்” என்றாள் ஒருத்தி. பஞ்சுக்கை எல்லாவற்றையும்தான் சொன்னாள்: டாக்டர் உத்தரவு, காரணம் சொல்வது, பக்கத்தில் உட்காருவது, உடனே அவிழ்ப்பது. அவர்கள் தலையைத் தலையை ஆட்டினார்கள். மனசில் வாங்கிக்கொண்டது காப்பை மட்டும். உட்கார ஆள் ஏது, நேரம் ஏது? பஞ்சு வைத்து இரண்டு விரல் விட்டுக் கட்டினால் தடம் விழாது. தடம் விழாவிட்டால் புகார் வராது. பாடத்தில் அதுவே எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. வார்டுக் கூட்டத்தில் பெரிய டாக்டர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். கை தட்டினார்கள். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ரயில் வந்து சேர்ந்தாள்.

ரயில் என்பது ஆயா வைத்த பெயர். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிற்காமல் ஓடுகிற பெண். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோபம் வந்தால் தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். தெருவில் ஓடி வண்டியில் அடிபடப் பார்த்த பிறகு அவள் அம்மா கொண்டுவந்து சேர்த்தாள். அம்மா துணி தேய்க்கும் கடை வைத்திருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய சூட்டுத் தழும்புகள். பார்வை நேரத்தில் வந்து மகளின் காலை மடியில் போட்டுக்கொள்வாள். அந்த நேரம் மட்டும் ரயில் நிற்கும்.

பெரிய டாக்டர் அம்மாவிடம் கணக்காகச் சொல்லியிருந்தார். “மருந்து பிடிச்சிடுச்சுன்னா அனுப்பிடுவோம். ஒரு வாரம் தொடர்ந்து கட்ட வேண்டிய அவசியம் இல்லாம இருக்கணும். அவ்வளவுதான்.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அம்மா தலையாட்டினாள்.

பஞ்சுக்கையின் வேளையில் ரயிலைக் கட்டத் தேவையே வராது. அவளோடு சேர்ந்து இரண்டு சுற்று ஓடுவாள், மூச்சு வாங்கும், “ஐயோ, எஞ்சின்ல கரி தீந்துபோச்சு” என்று உட்கார்ந்துவிடுவாள். ரயிலும் சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரும். இன்னும் கொஞ்ச நாளில் பெண் வீட்டுக்குப் போய்விடும் என்று இவள் நம்பினாள். அதற்குள் புருஷன் வேன் படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். “எத்தனை பிள்ளைங்ககிட்ட, பார்த்து இறங்குன்னு கத்தியிருப்பேன், கடைசியில நானே பார்க்கல” என்று கட்டுப் போட்ட காலோடு படுத்துக்கிடந்தார். இவள் நீண்ட லீவு போட்டாள்.

திரும்பி வந்த அன்று மாடிப்படியிலேயே ரயிலின் அம்மா வழிமறித்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“சிஸ்டர், என் பொண்ணைக் கட்டிப் போடுறாங்க. காலையில, மத்தியானம், எந்நேரமும். நான் சீக்கிரம் வந்த அன்னிக்குக் கதவுக் கண்ணாடியில என் கண்ணால பார்த்தேன். உள்ளே விடுறதுக்குள்ள அவுத்துட்டாங்க. கேட்டா, கையைக் காட்டி, தடம் எங்கேன்னு கேக்குறாங்க. சின்ன டாக்டர் வந்து லைட் அடிச்சுப் பார்த்தாரு. ஒண்ணுமில்ல, பொய் சொல்லாதீங்கன்னுட்டாரு. நான் வந்தா பிள்ளை முரண்டு பிடிக்குதுன்னு இப்போ ரெண்டு நாளா என்னையும் உள்ளே விட மாட்டேங்குறாங்க.” தன் முழங்கையை நீட்டினாள். “இந்தச் சூட்டுத் தழும்பு மாதிரி அவ கையில ஒண்ணாவது இருந்தா நம்புவாங்களா சிஸ்டர்?”

பஞ்சுக்கை பையைக்கூட வைக்கவில்லை. மேலே ஓடினாள். ஆயா ஈரத் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். ரயில் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். இரண்டு கையிலும் காப்பு. அவளே வெட்டித் தைத்துக் கொடுத்த காப்பு, தையல்கூட அவள் தையல். இரண்டு விரல் இடைவெளி சரியாக விட்டிருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“எதுக்குக் கட்டியிருக்கீங்க?”

“தரை துடைக்கிறேன்ல. ஓடி வழுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது?” என்றாள் ஆயா. “மத்தியானம் மத்த பிள்ளைங்க தூங்கணும், அப்ப கொஞ்ச நேரம். சாப்பாடு குடுக்குறப்போ கொஞ்ச நேரம். வலிக்காது சிஸ்டர், உங்க கட்டுதானே!”

ஆயா கேலி பண்ணவில்லை. உண்மையாகவே சமாதானம் சொன்னாள். அதுதான் பஞ்சுக்கையைச் சுருட்டிப் போட்டது. கயிறாகவும் கிழிந்த துணியாகவும் இருந்தபோது கட்டுகிறவர்களுக்கும் கை கூசியது. ரத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சமாவது உறுத்தும். இவள் பஞ்சு வைத்து அந்த உறுத்தலையும் எடுத்துவிட்டாள். தரை துடைக்கக்கூட ஒரு குழந்தையைக் கட்டலாம் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு கட்டும் ‘அவசியம்’ என்று பதிவானதால், ஒரு வாரம் கட்டில்லாமல் இருந்தால் வீடு என்ற கணக்கும் தொடங்கவே இல்லை. கட்டுகிறார்கள் என்பதால் அனுப்பவில்லை. அனுப்பவில்லை என்பதால் கட்டுகிறார்கள்.

அம்மா விடவில்லை, மேலிடத்துக்குப் புகார் கொடுத்தாள். விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். பெரிய டாக்டர், நிர்வாக அலுவலர், இன்சார்ஜ் சிஸ்டர். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பஞ்சுக்கை யாரும் கூப்பிடாமலே உள்ளே போனாள். ஆயுசில் முதல்முறையாக மேலதிகாரி முன்னால் குரலை உயர்த்தினாள்.

“அந்தம்மா சொல்றது நிஜம் சார். கையில தடம் இருக்காது. இருக்காத மாதிரிக் கட்ட நான்தான் சொல்லிக் குடுத்தேன். நாள் முழுக்கக் கட்டினாலும் தெரியாது.”

நிர்வாக அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ காயம் எதுவும் இல்லன்னு நீங்களே சொல்றீங்க.”

“காயம் இல்ல சார். ஆனா கட்டுறதே தப்பு. துடைக்கிறதுக்கும் தூங்க வைக்கிறதுக்கும் கட்டலாம்னு எந்த விதியில இருக்கு? அது அந்தப் பிள்ளையோட கை. ஏன்னு அதுகிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்களா? பெத்தவகிட்ட கேட்டாங்களா? அவளைப் பார்க்கவே விடமாட்டேங்குறீங்க.”

“சரி, கட்ட வேண்டாம். மொத்த வார்டுக்கும் ஒரு நர்ஸ். பிள்ளை ஜன்னல்ல ஏறி விழுந்தா நீங்க பொறுப்பு எடுத்துக்குறீங்களா?” என்றார் பெரிய டாக்டர். குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புத்தான்.

“ஆள் போடுங்க சார்.”

அறையில் எல்லாரும் அவள் ஏதோ குழந்தைத்தனமாகப் பேசிவிட்டதுபோல் பார்த்தார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் மெதுவாக, “பழையபடி கயித்துக்கும் கிழிஞ்ச துணிக்குமே போயிடலாமா? அதுவா உனக்கு வேணும்?” என்று கேட்டார். இத்தனை வருஷமாகப் பஞ்சுக்கை தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பதிலை அவர் எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

காயம் எதுவும் காணப்படவில்லை என்று விசாரணை முடிந்தது. அம்மாவுக்கு உள்ளே வரத் தடை அப்படியே இருந்தது. பஞ்சுக்கைக்கு ஒரே ஒரு சலுகை கிடைத்தது. அதுவும் இன்சார்ஜ் சிஸ்டர் மனசு கேட்காமல் தானாகக் கொடுத்தது. “ஒரு வாரம் உன் பொறுப்புல விடுறேன். யாரும் அவளைக் கட்ட மாட்டாங்க. அதுக்குள்ள பிள்ளை சரியா இருந்தா டாக்டர் அனுப்பித்தான் ஆகணும்.”

அந்த வாரம் பஞ்சுக்கை தன் வேளையோடு மற்றவர்கள் வேளையையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். கால் ஒடிந்த மனுஷனைப் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டாள். “போ போ, அந்த ரயிலை ஸ்டேஷன் சேர்த்துட்டு வா” என்றார் அவர். தரை துடைக்கும்போது ரயிலைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டாள். மத்தியானம் தன் காலை அவள் கால்மேல் போட்டுப் படுக்க வைத்தாள். ஆயாகூட இளகினாள், வாளியில் தண்ணீர் பிடிக்க ரயிலைக் கூட்டிக்கொண்டு போனாள். நாளுக்கு நாள் பெண் தெளிந்துகொண்டே வந்தாள். கையைக் கடிப்பது நின்றது. கீழே கேட்டருகில் தினமும் நின்ற அம்மாவிடம் பஞ்சுக்கை போகிற போக்கில், “இன்னும் ரெண்டு நாள்தான்” என்றாள். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் சொல்லாமல் இருக்க முடியும்?

வாரத்தின் கடைசி நாள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரம். பஞ்சுக்கை மருந்துத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினால், ரயில் தானாகவே கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கையையும் அகல விரித்துக் கட்டில் கம்பியில் வைத்திருந்தாள்.

“என்னடா கண்ணு, எந்திரி. டாக்டர் வரப்போறாரு.”

“கட்டுங்க சிஸ்டர்.”

“கட்ட வேணாம்டா. இனிமே கட்டே கிடையாது.”

“கட்டணும். கட்டினா அம்மா வருவாங்க.”

பஞ்சுக்கை ஆயாவைப் பார்த்தாள். ஆயா முகம் வெளுத்துவிட்டது. “அப்போ... லீவுல நீங்க இருந்தீங்கல்ல... அழாம கட்டிக்கிட்டா அம்மா வருவாங்கன்னு சொல்லித்தான் சிஸ்டர் கட்டுவோம். மத்தியானம் கட்டுவோம், சாயங்காலம் அம்மா வருவாங்க. பிள்ளையும் அதை நம்பிடுச்சு.” பிள்ளை நம்பியதில் என்ன தப்பு? அவள் கண்டது அதைத்தான். கட்டிய நாட்களில் அம்மா வந்தாள். இந்த வாரம் கட்டவில்லை, அம்மாவும் வரவில்லை. அந்தச் சின்னத் தலைக்குள் கணக்குச் சரியாக இருந்தது. தடை, விசாரணை என்றெல்லாம் அவளிடம் யார் சொன்னார்கள்? எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஊருக்குப் பாடம் எடுத்த பஞ்சுக்கையும் சொல்லவில்லை. அழுதுவிடுவாளே என்று விட்டுவிட்டாள்.

“அம்மா நாளைக்கு உன்னை வீட்டுக்கே கூட்டிட்டுப் போகப் போறாங்கடா. கட்டாம இருந்தாத்தான் வருவாங்க.”

“பொய்! கட்டுங்க!” ரயில் எழுந்து பஞ்சுக்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். “கட்டுங்க சிஸ்டர், நான் அழ மாட்டேன், கட்டுங்க!” குரல் ஏறியது. பஞ்சுக்கை அவளை மார்போடு அணைத்தாள். அவள் நழுவி, கட்டில் கம்பியில் தலையை முட்டினாள். தன் மணிக்கட்டைக் கடித்தாள். கடித்த இடத்தில் ரத்தம் வந்தது. மற்ற பிள்ளைகளும் கத்த ஆரம்பித்தன. கதவு திறந்தது. பெரிய டாக்டரும் பின்னால் சின்ன டாக்டர்களும் நின்றார்கள்.

“ரெஸ்ட்ரெயின்” என்றார் பெரிய டாக்டர்.

“சார், இது வியாதி இல்ல சார். ஒரு நிமிஷம் குடுங்க, அவங்க அம்மாவைக் கூப்பிடுங்க, கீழேதான் நிக்கிறாங்க—”

“சிஸ்டர், பிள்ளை தலையை உடைச்சுக்கும். கட்டுங்க, இல்ல நகருங்க.”

ஆயா ஏற்கெனவே காப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பதற்றத்தில் நாடாவைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கை கட்டினால் இறுக்கித்தான் கட்டும். பஞ்சுக்கை அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, காப்பை அவளிடமிருந்து வாங்கினாள். அவளே கட்டினாள். கடிபட்ட இடத்தைத் துடைத்து, பஞ்சை அதன்மேல் படாமல் ஒதுக்கி, இரண்டு விரல் விட்டு. வாழ்க்கையில் அவள் கட்டிய கட்டுகளிலேயே அதுதான் மிகவும் சுத்தமான கட்டு. அவளுக்குத் தன் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

முடிச்சு விழுந்ததும் ரயில் அடங்கிவிட்டாள். ஒரு முனகல்கூட இல்லை. “பார்த்தீங்களா, எவ்வளவு அமைதி” என்று பெரிய டாக்டர் சின்ன டாக்டர்களுக்குக் காட்டினார். பிறகு, “வாரக் கணக்கு மறுபடி முதல்ல இருந்து” என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பஞ்சுக்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ரயில் கண்ணை மட்டும் திருப்பி, “நான் அழல பாத்தீங்களா?” என்றாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அழவில்லை என்று இவளும் ஒத்துக்கொண்டாள். அவளுடைய வேளை முடிகிறவரை அந்தப் பெண் அசையாமல், கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தையே பார்த்தபடி கிடந்தாள்.

கீழே கேட்டருகில் அம்மா நின்றாள். தேய்த்து மடித்த ஒரு சின்ன கவுனைக் காகிதத்தில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். பஞ்சுக்கையைப் பார்த்ததும் சிரித்தாள்.

“நாளைக்குக் காலையிலயே வந்துடட்டுமா சிஸ்டர்?”